சத்தம் எங்கேருந்து வருது?

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணியபோது, உன் கல்யாண ரிசப்ஷனில் மாலதி ஆன்ட்டி ஒரு பாட்டுப் பாடினால் நன்றாக இருக்கும் என்றாய். "சின்ன வயசுல அவங்க புரோகிராம்லதானேம்மா நான் முதல்ல மேடை ஏறினேன். அனிதாகிட்டகூட சொல்லியிருக்கேன். நீயே நேர்ல போய்க் கூப்பிடேன்" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போல முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். அப்பா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்டா. நாங்க ரெண்டு பேருமே போய்க் கூப்பிட்டுடறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொல்ல வந்தது அது இல்லை. "அவ பாட வேணாம்" என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஏன் வேண்டாம் என்று போனில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. பேனாவுக்குத் திக்காது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

எனக்குத் திக்கும் என்பது உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதனாலேயே அதைப் பற்றி நீ யோசித்திருக்க மாட்டாய். வீட்டில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுவது மாதிரி அது உனக்கு. கல்யாணமாகி சேலையூருக்கு வந்த புதிதில் நான் எங்கேயும் தனியாகப் போக மாட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் முன்னால் நின்று "மு... மு..." என்று திணறுவேன். அப்பா உடனே "முருங்கைக்காய் ஒரு கட்டு குடுப்பா" என்று முடித்துவிடுவார். நான் கேட்க நினைத்தது முட்டைக்கோஸாக இருக்கும். இருந்தாலும் அந்தச் சமயத்தில் எனக்கு அது பெரிய ஆறுதல். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பதற்குள் யாரோ நம்மை இழுத்துக் கரையேற்றிவிட்ட மாதிரி இருக்கும். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வந்து சாம்பார் வைத்துவிடுவேன். அப்பா கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. அவர் என்னை ஒரு நாளும் கேலி செய்ததில்லை, கை நீட்டியதில்லை, என் சம்பளத்தைக் கேட்டதில்லை. என் வாக்கியங்களை மட்டும் அவர் முடித்துக்கொண்டே வந்தார். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நான் என்ன நினைக்கிறேன் என்பது என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

கேம்ப் ரோட்டில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனபோதுதான் எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. குழந்தைகள் முன்னால் எனக்கு அவ்வளவாகத் திக்குவதில்லை. திக்கினாலும் அவர்கள் சும்மா காத்திருப்பார்கள். அவர்களுக்கு எங்கேயும் போக அவசரமில்லையே. பாடினால் திக்கவே திக்காது. அதனால் கூட்டல் கழித்தலைக்கூடப் பாட்டாகக் கட்டிச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு எட்டு வயது முடிந்த சமயம், கோயில் உற்சவத்துக் கச்சேரிக்கு உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். பாடகர் ஆலாபனையை முடித்துப் பாட்டு எடுத்ததும் நீ என் முந்தானையை இழுத்து, "அம்மா, ஏன் அவரு தொடையில அடிச்சுக்கிட்டே இருக்காரு? கொசுவா?" என்று கேட்டாய். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. குழந்தைகளைக் கச்சேரிக்குக் கூட்டிப் போகிறோம், சத்தம் போடாதே என்று வாயைப் பொத்துகிறோம், அங்கே என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. கொசு இல்லை, தாளம் என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி குழந்தைகளுக்கென்றே ஒரு கச்சேரி செய்தால் என்ன?

அது நம் சமையலறையில்தான் வளர்ந்தது. ஒரு நாள் காலை நீ அடுப்பு மேடைமேல் உட்கார்ந்துகொண்டு பீங்கான் கப்புகளைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாய். நான் ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றினேன். சத்தம் மாறியது. நீ கண்ணை விரித்துக்கொண்டு, "தண்ணி ஊத்தினா சத்தம் ஏம்மா குண்டாவுது?" என்றாய். குண்டாவுது! எந்தப் பாட்டு வாத்தியாரும் அதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அன்றைக்கே அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஒரு பாட்டுக் கட்டினேன். "தண்ணி ஏற ஏற சத்தம் எறங்குது, தண்ணி எறங்க எறங்க சத்தம் ஏறுது" என்று தொடங்கும். நீ கப்பைத் தட்ட, நான் பாட, உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. பிறகு டிபன் டப்பாவில் ரப்பர் பேண்ட் மாட்டி ஒரு பாட்டு, தாளம் எண்ணுவதற்கு ஒரு பாட்டு, மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கறுப்புச் சாந்து எதற்கு என்று ஒரு பாட்டு. எல்லாவற்றையும் கோத்து "சத்தம் எங்கேருந்து வருது?" என்று பெயர் வைத்தேன்.

மாலதி நமக்கு அடுத்த தெரு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நல்ல குரல், நல்ல களை, யாரிடமும் தயங்காமல் போய் நின்று பேசுவாள். என்னை வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்பதால் அந்த அக்கா எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் பாட்டுகளைப் பாடிக் காட்டியதும் அவள்தான், "அக்கா, இதை வகுப்பறையில பூட்டி வைக்கக் கூடாதுக்கா. தியேட்டர்ல போடலாம்" என்றாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சினிமா தியேட்டர் இருந்ததே, நீ தனியாகப் படம் பார்க்கப் போகிற வயதுக்குள் அதற்கு நாலு முறை பெயிண்ட் மாற்றிவிட்டார்கள், அதன் முதலாளியிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். சொந்த வயலை மேடாக்கித் தியேட்டர் கட்டிய மனுஷர். மாலதி விஷயத்தை விளக்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மா, பசங்களுக்குக் கச்சேரியா? ஞாயித்துக்கெயம காலீல ஹாலு சும்மாதான் கீது. எட்த்துக்கோ. ஆடினு பாடினு இன்னா வேணா பண்ணுங்க. சீட்ட மட்டும் கிய்ச்சிட்டுப் போயிடாதீங்க" என்றார்.

நாலு பேர் மேடையில் என்று முடிவு செய்தோம். மாலதி பாடுவாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் மிருதங்கம். நீ கப்பு. நான் நடத்துவேன், அதாவது நான் பேசுவேன். அதை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாலதி, "உங்களால முடியுமாக்கா?" என்று கேட்டபோது, "மு... முடியும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பேச்சுக்காக நான் என்ன பாடுபட்டேன் என்பது யாருக்கும் தெரியாது, உன்னைத் தவிர. மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் போய்ப் பேசிப் பேசிப் பார்ப்பேன். எந்த வார்த்தை மாட்டுகிறதோ அதை எடுத்துவிட்டு வேறு வார்த்தை போடுவேன். வணக்கம் வராது, அதனால் "குழந்தைங்களே" என்று தொடங்கினேன். நீதான் என் முன்னால் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டு முந்நூறு பிள்ளைகளாக நடிப்பாய். விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும்போது நிறுத்துவோம். போனதும் தொடருவோம். ஒரு முறை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓரிடத்திலும் நிற்காமல் பேசிவிட்டேன். நீ கைதட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து குதித்தாய். சேகர், அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. அதற்கு முன் நான் பேசியதற்கு யாரும் கைதட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தியேட்டர் நிரம்பிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம், குரோம்பேட்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம், பெற்றோர்கள், கைக்குழந்தைகள். சினிமா தியேட்டரில் ஒப்பனை அறையெல்லாம் ஏது? திரைக்குப் பின்னால் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு இடையில் ஒரு சந்து இருந்தது. அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். வெளியே பிள்ளைகள் போட்ட கூச்சலில் திரையே அதிர்ந்தது. பயமாக இருந்தது என்றாலும் அது நல்ல பயம். என் முதல் வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா உள்ளே வந்தார். அவர் பின்னால் மாலதி. அவள் கையில் மைக் இருந்தது. அப்பா என் தோளில் கை வைத்து, மிகவும் மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவது மாதிரி சொன்னார்: "நீ ஒண்ணும் டென்ஷன் ஆகாதே. மாலதியே பேசிடுவாங்க. எல்லாம் பேசி வெச்சாச்சு. நீ பக்கத்துல உக்காந்து சுருதிப்பெட்டி போட்டாப் போதும்."

எனக்குப் புரியவில்லை. மாலதியைப் பார்த்தேன். அவள் என் பார்வையைத் தவிர்த்துவிட்டு, "நேரமாச்சுக்கா, பசங்க கத்துறாங்க" என்றாள். நான் "நா... நா..." என்றேன். நான்தான் பேசுவேன் என்று சொல்ல வேண்டும். அது எனக்கு வரவே இல்லை. மொட்டை மாடியில் ஒரு தடையும் இல்லாமல் ஓடிய நாக்கு அந்த ஒரு எழுத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அப்பா மாலதியிடம் திரும்பி, "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அவள் வெளியே போய்விட்டாள். கைதட்டல் கேட்டது.

நான் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "குழந்தைங்களே" என்று அவள் தொடங்கினாள். என் வார்த்தை. நான் வணக்கத்துக்குப் பயந்து தேடிப் பிடித்த வார்த்தை. அதற்குப் பின் வந்ததெல்லாம் நான் எழுதியது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கேள்வி கேட்டுவிட்டுக் காதில் கை வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதுவரை பாட்டு ஒத்திகையில் நான் அவளுக்குச் செய்து காட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முந்நூறு பேரும் சேர்ந்து தாளம் போட்டபோது தியேட்டர் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பிப் பறந்தன. நன்றாக நடந்தது, சேகர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் சொதப்பியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு உன் முறை வந்தது. நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு கப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாய். மாலதி உன் பக்கத்தில் மண்டியிட்டு, சபையைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தப் பாட்டு எப்படிப் பொறந்துச்சு தெரியுமா? ஒரு நாள் நான் என் வீட்டுச் சமையல்கட்டுல வேலையா இருந்தேன். இந்தக் குட்டிப் பையன் வந்து கப்பைத் தட்டிக்கிட்டிருந்தான். நான் தண்ணி ஊத்தினேன். உடனே இவன் கேட்டான், தண்ணி ஊத்தினா சத்தம் ஏன் ஆன்ட்டி குண்டாவுதுன்னு! கேட்டேதானே சேகர்?" மைக்கை உன் வாயருகே நீட்டினாள். நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு மைக்கில், "ஆமா ஆன்ட்டி" என்றாய். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் சுருதிப்பெட்டியின் துருத்தியை அழுத்திக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். அந்த நேரத்திலும் பாட்டு நிற்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உன்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா முன்னால் நின்றிருந்தார். நீ ரொம்ப உற்சாகமாக இருந்தாய். என் காதருகே வந்து, "அம்மா, நான் ரகசியத்தைக் காப்பாத்திட்டேன்ல?" என்றாய். என்ன ரகசியம் என்று நான் கண்ணால் கேட்டேன். "மாலதி ஆன்ட்டிதான் பேசப் போறாங்கன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா நீ அழுவியாம். நான் சொல்லவே இல்ல பாத்தியா?" என்றாய். பரிசு கேட்கிற முகம். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அப்பா உன்னிடம் அதைச் சொன்ன பிறகும் மாடியில் நான் ஒத்திகை பார்த்திருக்கிறேன். நீ தொட்டிமேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். கைதட்டியிருக்கிறாய். அந்தக் கைதட்டலில் எது எனக்காக, எது ரகசியத்துக்காக என்று அதற்குப் பின் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு குழந்தையின் கையில் அதைக் கொடுத்தவர்மேல்தான் கோபம். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் நீ விளையாடப் போனதும் அப்பாவிடம் கேட்கப் போனேன். அவர் வராந்தாவில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏ... ஏ..." என்றேன். அவர் நிமிர்ந்து, "ஏன் முன்னாடியே சொல்லலைன்னுதானே கேக்கப் போற? சொன்னா ஒத்துக்க மாட்டே. உன்னை அத்தனை பேர் முன்னாடி நிறுத்தி எல்லாரும் சிரிக்கிறதை என்னால பாக்க முடியாது. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்க வந்தது அந்தக் கேள்வி இல்லை. "ஏன் ஒரு தடவைகூட என்னைப் பேசிக் காட்டச் சொல்லல?" என்று கேட்க வந்தேன். மாடிப்படி ஏறி வந்து ஒரு நாள் கேட்டிருந்தால் போதுமே. அவர் பதில் சொல்லி முடித்துவிட்டதால் என் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அவரைக் குற்றம் சாட்டுவதைக்கூட அவரே எனக்குப் பதிலாகச் செய்துவிட்டார்.

மாலதியை அந்த வாரமே மார்க்கெட்டில் பார்த்தேன். அவள் கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்கு விடவில்லை. நின்று, திக்கி, மூச்சு வாங்கி, முழுதாகக் கேட்டேன்: "எ... என் வீட்டுக் கதையை ஏன் உன் கதையாச் சொன்னே?" அவள் முகம் ஒரு கணம் வெளிறியது. "சார்தான்க்கா வந்து கேட்டுக்கிட்டாரு. நீங்களே சொல்லி அனுப்பினீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "பேசினதைக் கேக்கல. க... கதையைக் கேக்கறேன்" என்றேன். அதற்கு அவள், "மேடையில ஏதாவது சொல்லணும்ல அக்கா. குழந்தைங்களுக்கு யாரு வீட்டுக் கதையா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்று அதே மாதிரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா கேட்டது பேச மட்டும்தான். கதையை எடுத்துக்கொண்டது அவள். இந்த வித்தியாசத்தை நான் அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லப் பார்த்திருக்கிறேன். "விடு, அவங்களால புரோகிராம் நல்லா நடந்துச்சுல்ல" என்பார்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். பல்லாவரம், குரோம்பேட்டை, மீனம்பாக்கம் என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "சத்தம் எங்கேருந்து வருது?" மாலதி ஆன்ட்டி புரோகிராம் ஆனது. என்னைச் சுருதிப்பெட்டிக்குக்கூடக் கூப்பிடவில்லை. உன்னைக் கூப்பிட்டாள். நீ குதித்துக்கொண்டு போனாய். நான் உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், கப்புகளை உடையாமல் துணி சுற்றிக் கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒரு குழந்தை என்னிடம் வந்து, "டீச்சர், இது மாலதி ஆன்ட்டி பாட்டு, உங்களுக்குச் சொல்லித் தரட்டுமா?" என்று தண்ணி ஏற ஏற பாட்டைப் பாடிக் காட்டியது. நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அது பாடியதில் இரண்டு இடத்தில் தப்பு. நான் திருத்தவில்லை.

இதையெல்லாம் பழைய கணக்கு என்று நீ நினைக்கலாம். நானும் எழுதாமல் இருந்திருப்பேன். ஆனால் உன் நிச்சயதார்த்தத்தன்று அனிதாவிடம் நம் சொந்தக்காரர் ஒருவர், "என்னம்மா வேலை பண்றே?" என்று கேட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நீ முந்திக்கொண்டு, "டெஸ்டிங்ல இருக்கா மாமா. கல்யாணத்துக்கு அப்புறம் வேற மாறப் போறா" என்றாய். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். உன் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அவளுக்கு உதவி செய்த திருப்திதான் இருந்தது. அவளுக்குத் திக்காது, அழகாகப் பேசுகிற பெண். அவளுக்கே இப்படி என்றால்? வேலை மாறப் போவதாக அவள் என்னிடம் சொல்லவே இல்லையே, சேகர். அவளிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி அவ்வளவுதான். அன்பாக இரு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அன்பாக இருக்க உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும்.

மாலதியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடு. வரட்டும், சாப்பிடட்டும், வாசலில் நானே சந்தனம் கொடுக்கிறேன். ஆனால் என் பிள்ளை கல்யாணத்தில் அவள் மைக் பிடிக்கக் கூடாது. இதை நீயே அவளிடம் சொல். காரணம் கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டுவதானால் காட்டு.

காட்டினால் இனி எழுதப் போவதையும் அவர் படிப்பார். படிக்கட்டும். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுத் தலைமையாசிரியை வந்தார். ஒரு நாள் என் வகுப்புக்கு வெளியே நின்று நான் பாடுவதைக் கேட்டுவிட்டு, "இதை எல்லாக் குழந்தைங்களுக்கும் பண்ணணும். தியேட்டர்லயே பண்ணுவோம்" என்றார். பேசுவதற்கு வேறு யாரையாவது போடலாம் என்றேன். "உங்க பாட்டுக்கு நீங்க பேசாம வேற யாரு பேசுவாங்க? நீங்க பேசறதுன்னா பண்ணலாம், இல்லேன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செய்தேன். அதே தியேட்டர், அதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய பாட்டு ஒன்றும் கிடையாது, எல்லாம் புதிது. அப்பாவிடம் சொல்லவில்லை. உனக்கு அந்த மாதம் இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் சொல்லவில்லை.

மேடையில் போய் மைக் முன்னால் நின்றேன். இந்தத் தடவை வணக்கத்தையே வைத்துக்கொண்டேன். "வ..." என்றேன். நின்றுவிட்டது. முன் வரிசையில் பல் விழுந்த ஒரு பெண் குழந்தை, "மிஸ், மாட்டிக்கிச்சா?" என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன். "பரவால்ல மிஸ், மெதுவா எடுங்க" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொண்டையில் கையை வைத்துக் காட்டினேன். எல்லாக் குழந்தைகளும் தங்கள் தொண்டையில் கையை வைத்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தேன். அவர்களும் இழுத்தார்கள். பால்கனி வரைக்கும் அந்த ஒரு சத்தம். கைக்குள் அதிருகிறதே என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். சத்தம் எங்கேருந்து வருது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ரீங்காரத்தின் மேலேயே ஏறி என் வணக்கம் வெளியே வந்தது. அதன் பிறகு எவ்வளவோ இடத்தில் திக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் முடித்து வைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் தலைமையாசிரியை, "உங்க வீட்டுலேருந்து யாரும் வரலியா?" என்று கேட்டார். "நா... நான் சொல்லல" என்றேன். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் தனியாக உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்டேன். நானே கேட்டேன். சர்வர் காத்திருந்தார். வீட்டுக்கு வந்தபோது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எங்க போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். "தி..." என்று தொடங்கினேன். தியேட்டருக்கு என்று சொல்ல வேண்டும். "திலகா வீட்டுக்கா? சரி சரி" என்று அவர் பேப்பரைப் புரட்டினார்.

நான் தலையாட்டினேன். உள்ளே போய் அவருக்குக் காபி கலந்தேன். காதுக்குள் அந்தப் பிள்ளைகளின் சத்தம் அப்படியே இருந்தது. நினைத்திருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆனாலும், அதைச் சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டிருப்பார், அழக்கூட அழுதிருப்பார். காபியை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மா